எண் இல்லாத டோக்கன்: டொர்னேடோ கேஷ் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆகஸ்ட் 9. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன், கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல், காயின்பேஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங் என்று ஊரறிந்த சிலரின் கிரிப்டோ வாலட்டுகளில் ஆளுக்கு 0.1 ஈதர் (ஈத்தீரியம் பிளாக்செயினின் நாணயம்) வந்து விழுந்தது. அனுப்பியது யாரென்று தெரியாது. அவர்கள் கேட்கவும் இல்லை. வேண்டாம் என்று திருப்பிவிடவும் வழியில்லை. பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ கைமாற்றங்களை எழுதி வைக்கும் பொதுப் பேரேட்டில், ஒருவருடைய முகவரி தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் பணம் போடலாம்.

பணம் வந்தால் சந்தோஷம்தானே என்று தோன்றும். ஆனால் வந்தது டொர்னேடோ கேஷ் வழியாக. பலருடைய பணத்தை ஒன்றாகக் கலந்து, எது யாரிடமிருந்து வந்தது என்பதை மறைக்கும் கருவி அது. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்கக் கருவூலத் துறை அதைத் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது. அமெரிக்கர் யாரும் அதனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. யாரோ ஒரு குறும்புக்காரர், அந்தத் தடை எவ்வளவு அபத்தம் என்று காட்டச் இருநூறு டாலருக்கும் குறைவான மதிப்புள்ள நாணயத்தை ஒவ்வொருவர் வீட்டிலும் எறிந்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் கருவூலத் துறை விளக்கம் தர வேண்டியதாயிற்று: விதிப்படி பார்த்தால் இதுவும் தடைக்குள் வரும், ஆனால் இப்படிக் கேட்காமல் வந்த சில்லறைக்காக நடவடிக்கை எடுப்பதற்கு முன்னுரிமை தரமாட்டோம் என்று.

அதே விளக்கத்தில் இன்னொரு பகுதி இருந்தது. தடைக்கு முன் உள்ளே பணம் போட்டு, எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்ட அமெரிக்கர்கள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் என்னென்ன தர வேண்டும்? அனுப்பிய முகவரி, பெறும் முகவரி, பரிவர்த்தனை ஹாஷ் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய அடையாளக் குறியீடு), தேதி, நேரம், தொகை. யாருக்கும் தெரியக் கூடாது என்று எதை மறைத்தாரோ அதை முழுக்க எழுதிக் கொடுத்துத்தான் பணத்தை மீட்க வேண்டும்.

ஊருக்கே தெரிந்த கணக்கு

கிரிப்டோ என்றாலே மறைவான பணம் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. நிலைமை நேர்மாறு. பிட்காயினிலும் ஈத்தீரியத்திலும் முதல் நாள் தொட்டு நடந்த ஒவ்வொரு கைமாற்றமும் பொதுப் பேரேட்டில் கிடக்கிறது. பெயர் இருக்காது, முகவரி மட்டும்தான். அந்த முகவரி இன்னாருடையது என்று ஒரே ஒரு முறை வெளியே தெரிந்தால் போதும், அதன் முன்கதை பின்கதை எல்லாம் தெரிந்துவிடும்.

எனக்கே ஒரு முறை நடந்தது. ஒரு பயணச் செலவில் நண்பனுக்குத் தர வேண்டிய தொகையை ஸ்டேபிள்காயினாக (டாலர் மதிப்போடு கட்டிப்போட்ட கிரிப்டோ நாணயம்) அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "டேய், போன மாசம் கையில காசே இல்லன்னு புலம்புனியே, இங்க இவ்வளவு கிடக்கு?" என் முகவரியை, அந்தப் பேரேட்டை யாரும் பார்க்க உதவும் ஈதர்ஸ்கேன் தளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறான். ஜிபே செய்தால் என் பாஸ்புக் அவன் கைக்குப் போவதில்லை. இங்கே போகிறது. அவன் நண்பன், கிண்டலோடு விட்டுவிட்டான். அதே இடத்தில் வேலை தரும் நிறுவனத்தையோ, பேரம் பேசும் வியாபாரியையோ, நன்கொடை வாங்கும் கட்சிக்காரரையோ வைத்துப் பாருங்கள்.

இது வெறும் கூச்சப் பிரச்சினையும் இல்லை. ஹார்டுவேர் வாலட் (கிரிப்டோ சாவியைப் பத்திரமாக வைக்கும் சின்னக் கருவி) விற்கும் லெட்ஜர் நிறுவனத்திலிருந்து 2020இல் வாடிக்கையாளர் தகவல் கசிந்தது. சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் கொட்டப்பட்டன. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவரைப் பிரான்ஸில் கடத்தி, விரலை வெட்டி, கிரிப்டோவாகப் பணயத்தொகை கேட்டார்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தால் கணித ரகசியத்தை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு கத்தி போதும்.

இந்தியாவில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறக்க பான் கார்டு கொடுக்கிறோம்; 2022 ஜூலையிலிருந்து கிரிப்டோ கைமாறும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். அங்கிருந்து சொந்த வாலட்டுக்கு எடுத்தால் அந்த முகவரி நம்முடையது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். வரித்துறைக்குத் தெரிவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. வரித்துறைக்குத் தெரிவதும் தெருவுக்கே தெரிவதும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம்.

ஒரே நிறச் செருப்பு

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் எண் போட்ட டோக்கன் தருவார்கள். உங்களையும் உங்கள் செருப்பையும் இணைப்பது அந்த எண்தான். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், புத்தம் புதுச் செருப்பு போட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஜோடி திரும்பக் கிடைத்தால் என்ன? எண்ணே வேண்டாம். "நான் ஒரு ஜோடி விட்டேன், இன்னும் எடுக்கவில்லை" என்பதை நிரூபித்தால் போதும்.

2019இல் ரோமன் ஸ்டார்ம், ரோமன் செமெனோவ், அலெக்சி பெர்ட்செவ் மூவரும் ஈத்தீரியத்தில் கட்டியது இதைத்தான். செருப்புகள் ஒரே மாதிரி இருப்பதற்காக ஈதருக்கு நான்கு தொட்டிகள்: 0.1, 1, 10, 100. இடைப்பட்ட தொகை கிடையாது. பணம் போடும்போது உங்கள் பிரவுசர் 31 பைட் நீளமுள்ள இரண்டு ரகசிய எண்களை உருவாக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு ஹாஷ் (பின்னோக்கி அவிழ்க்க முடியாத சுருக்கக் குறியீடு) எடுத்து, அதோடு பணத்தை அனுப்புவீர்கள். ஒப்பந்த நிரல், அதாவது பிளாக்செயினில் தானே இயங்கும் நிரல், அந்த ஹாஷை 20 அடுக்கு கொண்ட மெர்க்கிள் மரத்தில் (ஹாஷ்களைக் கிளைகிளையாகக் கோக்கும் அமைப்பு) ஓர் இலையாகச் சேர்த்துக்கொள்ளும். அப்படி ஒரு மரம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இலைகளைத் தாங்கும். உங்கள் கையில் மிஞ்சுவது 'நோட்' என்று அழைக்கப்படும் ஒரு வரி: தளத்தின் பெயர், நாணயம், தொகை, சங்கிலி எண், அப்புறம் 124 எழுத்துகளில் அந்த இரண்டு ரகசியங்கள். அதைத் தொலைத்தால் பணம் போனதுதான், புகார் கொடுக்க ஆளில்லை. வேறு யாராவது அதைப் பார்த்துவிட்டாலும் கதை அதேதான்.

எடுக்கும்போது புதிதாக ஒரு முகவரியோடு வருவீர்கள். "இந்த மரத்தில் உள்ள ஏதோ ஓர் இலையின் ரகசியம் எனக்குத் தெரியும்" என்று நிரூபிப்பீர்கள். எந்த இலை என்று சொல்லாமலே. ஜீரோ நாலெட்ஜ் நிரூபணம் என்பது இதற்குத்தான். ஒரே நோட்டை வைத்து இரண்டு முறை எடுக்காமல் இருக்க, இரண்டு ரகசியங்களில் ஒன்றின் ஹாஷ் மட்டும் வெளியே தெரியும். செருப்புக்காரர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார். அந்தக் குறிப்பை வைத்து எந்த இலை என்று பின்னோக்கிப் போக முடியாது.

இதில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது, அதை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புது முகவரியில் 'கேஸ்' கட்டணம் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஈத்தீரியத்தில் கட்ட வேண்டியது) கட்ட ஈதர் இருக்காது. பழைய முகவரியிலிருந்து கொஞ்சம் அனுப்பினால் முடிந்தது கதை, இரண்டும் ஒரே ஆள் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அதனால் ரிலேயர் என்று நடுவில் சிலரை வைத்தார்கள். உங்கள் நிரூபணத்தை வாங்கி, கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டி, வெளியே வரும் தொகையில் தன் கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் புது முகவரிக்குத் தரும் இடைத்தரகர். அவர் நினைத்தாலும் பணத்தை வேறு பக்கம் திருப்ப முடியாது; பெறும் முகவரி நிரூபணத்துக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும்.

2020 மே மாதம் இன்னொன்று நடந்தது. இந்த வகை நிரூபணத்துக்குத் தொடக்கத்தில் ஒரு பொதுவான அளவுருத் தொகுப்பு வேண்டும். அதை உருவாக்கியவர் ஏமாற்ற நினைத்தால் போலி நிரூபணம் செய்து தொட்டியைக் காலி செய்யலாம். அதற்காக 1,114 பேர் வரிசையாகத் தங்கள் பங்கு ரகசியத்தைக் கலந்தார்கள். அத்தனை பேரில் ஒருவர் தன் ரகசியத்தை அழித்திருந்தாலும் போலி செய்ய முடியாது. அது முடிந்ததும் ஒப்பந்த நிரலை மாற்றும் அதிகாரத்தை மூவரும் கைவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த நிரலை அவர்களாலும் திருத்தவோ நிறுத்தவோ முடியாது. நாலரை வருடம் கழித்து நீதிமன்றத்தில் இந்தச் சடங்கு பேசப்படும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

கணிதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் மறைவைத் தருவது கணிதம் அல்ல, கூட்டம். 100 ஈதர் தொட்டியில் மூன்று பேர்தான் போட்டிருக்கிறார்கள் என்றால் எடுப்பவர் அந்த மூவரில் ஒருவர். முப்பதாயிரம் பேர் என்றால் தேடிக்கொண்டே இருக்கலாம். திருவிழாவில் தொலைந்து போவது எளிது, ஆளில்லாத தெருவில் முடியாது. அதனால் இந்தக் கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் திரையாகிறார். நல்லவர் கெட்டவருக்கு, கெட்டவர் நல்லவருக்கு.

கெட்டவர்கள் வந்தார்கள். 2022 மார்ச் 23 அன்று ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் பாலத்திலிருந்து (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் வழி) 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசி ஸ்டேபிள்காயினும் திருடப்பட்டன. அன்றைய மதிப்பில் 60 கோடி டாலருக்கு மேல். வடகொரியாவின் லாசரஸ் ஹேக்கர் குழுதான் செய்தது என்று ஏப்ரலில் எஃப்பிஐ சொன்னது. அதில் பெரும்பகுதி, கருவூலத் துறை கணக்கில் 45.5 கோடி டாலருக்கு மேல், டொர்னேடோ கேஷ் வழியே போனது. தடை அறிவிப்பில் 2019 முதல் 700 கோடி டாலருக்கு மேல் வெளுக்கப்பட்டதாக எழுதியிருந்தார்கள். அது மிகைப்படுத்தல். 700 கோடி என்பது மொத்தமாக உள்ளே போன பணத்தின் அளவு, எல்லாமே திருட்டுப் பணம் அல்ல.

நல்லவர்களும் இருந்தார்கள் என்று சொல்ல ஒரு பெரிய ஆளே முன்வந்தார். தடை வந்த மறுநாள் ஈத்தீரியத்தின் இணை நிறுவனர் விட்டாலிக் புட்டரின், உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பத் தானே இதைப் பயன்படுத்தியதாக ட்விட்டரில் சொன்னார். பெறுபவர்களைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அவருடைய முகவரிகளை உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து நேராகப் பணம் போனால் வாங்கியவர் யாரென்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆனாலும் தடையின் அடி நல்லவர்கள் மேல்தான் அதிகம் விழுந்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், டொர்னேடோ கேஷ் நிரலையும் உருவாக்கியவர்களின் கணக்குகளையும் நீக்கியது. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் அந்த முகவரிகளில் கிடந்த யுஎஸ்டிசியை முடக்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேத்யூ கிரீன் மாணவர்கள் படிக்க வேண்டும் என்று நிரலை மீண்டும் ஏற்றினார். நேர்மையாக நடப்பவர் சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கினார். பயப்படாதவர்கள் யார்? 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23.5 கோடி டாலர் திருடப்பட்டது. நம் ஊர் ஆட்கள் பலரின் சேமிப்பும் அதில் இருந்தது. அந்தப் பணம் செப்டம்பரில் எங்கே போனது என்றால், தடை அமலில் இருந்த அதே டொர்னேடோ கேஷுக்குள். தடை கூட்டத்தைக் கலைக்கவில்லை, கூட்டத்தில் நல்லவர்களின் விகிதத்தைக் குறைத்தது.

மாட்டிக்கொண்டது எப்படி?

இந்த வழக்கில் எனக்கு அதிகம் பாடமாகப் பட்டது நீதிமன்றப் பகுதி அல்ல, பயனர்களே தங்களைக் காட்டிக்கொடுத்த விதம். நிரூபண முறையை யாரும் உடைத்ததாக இல்லை. உடைக்கத் தேவையும் வரவில்லை.

சிலர் போட்ட முகவரிக்கே திரும்ப எடுத்தார்கள். சிலர் புது முகவரிக்கு எடுத்து, ஒரு வாரம் கழித்து அதிலிருந்து பழைய முகவரிக்கு நேராக அனுப்பினார்கள். ஒருவர் இரண்டு முறை 10, மூன்று முறை 1, ஐந்து முறை 0.1 என்று போட்டு, வேறு முகவரியில் அதே 2-3-5 கணக்கில் எடுத்தால் அந்த வரிசை கைரேகை மாதிரி. ரிலேயர் இல்லாமல் தானே கட்டணம் கட்டியவர்கள் கேஸ் விலையைக் கையால் வினோதமான தசம எண்ணாக நிரப்பினார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதே எண், வேறு யாரும் பயன்படுத்தாத எண். போட்ட பத்தாவது நிமிடத்தில் எடுத்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாக்செயினுக்கு வெளியே இன்னொரு ஓட்டை: வாலட் எந்த சர்வர் வழியாக வலைப்பின்னலோடு பேசுகிறதோ, அந்த சர்வருக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும். இரண்டு முகவரிகளையும் ஒரே பிரவுசரில் ஒரே வாலட்டில் வைத்திருந்தால் சங்கிலியில் மறைத்தது சர்வர் பதிவேட்டில் சேர்ந்தே இருக்கும்.

இவற்றையெல்லாம் கவனமாகத் தவிர்த்தவர்களுக்கும் 2024 தொடக்கத்தில் ஓர் அடி விழுந்தது. தடைக்குப் பிறகு முகப்புப் பக்கம் ஐபிஎஃப்எஸ் (ஒரே சர்வரை நம்பாமல் பல கணினிகளில் கோப்புகளை வைக்கும் வலைப்பின்னல்) வழியாகத்தான் கிடைத்தது. அதை யார் பராமரிப்பது, எப்படி மாற்றுவது என்பதை டொர்னேடோ கேஷின் வாக்குரிமை நாணயமான டோர்ன் டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள். அப்படி ஒரு முன்மொழிவோடு தீய நிரல் வரிகள் சில ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தன. பணம் போடுபவரின் பிரவுசரில் உருவாகும் நோட்டை அவை சத்தமில்லாமல் வேறொரு சர்வருக்கு அனுப்பின. பூட்டு அப்படியே இருந்தது. சாவியின் நகலைத்தான் வாசலிலேயே எடுத்துக்கொண்டார்கள். ஜனவரி 1 முதல் நடந்தது, பிப்ரவரி பிற்பகுதியில்தான் வெளியே தெரிந்தது.

சொத்தா, இல்லையா?

தடை வந்த இரண்டாம் நாள், 2022 ஆகஸ்ட் 10 அன்று, பெர்ட்செவ் ஆம்ஸ்டர்டாமில் கைதானார். 2024 மே 14 அன்று நெதர்லாந்து நீதிமன்றம் 120 கோடி டாலர் வெளுத்ததாகக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 5 வருடம் 4 மாதம் சிறை விதித்தது. வெறும் கருவி செய்தேன், மற்றவர் செய்ததற்கு நான் பொறுப்பா என்ற வாதம் எடுபடவில்லை. மேல்முறையீட்டுக்குத் தயாராக 2025 பிப்ரவரியில் மின்னணுக் கண்காணிப்போடு வெளியே விட்டார்கள்.

அமெரிக்காவில் ஆறு பயனர்கள் காயின்பேஸ் செலவில் கருவூலத் துறை மேல் வழக்குத் தொடுத்தார்கள். டெக்சாஸ் கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. 2024 நவம்பர் 26 அன்று ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. நீதிபதி டான் வில்லெட் எழுதிய தீர்ப்பின் சாரம்: வெளிநாட்டவரின் சொத்தைத் தடுக்கத்தான் சட்டம் அதிகாரம் தருகிறது. ஒன்று சொத்தாக இருக்க யாராவது அதற்கு உரிமையாளராக இருக்க முடிய வேண்டும், மற்றவரை விலக்க முடிய வேண்டும். மாற்ற முடியாத இந்த நிரலை யாராலும் உடைமையாக்க முடியாது, யாரையும் வெளியே நிறுத்தவும் முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி நடத்திய அந்த 2020 சடங்கு தீர்ப்பில் இடம்பெற்றது இப்படித்தான். 2025 மார்ச் 21 அன்று தடை நீங்கியது.

இதற்கு ஒரு துணுக்கு சென்னையிலிருந்து. வாஸிர்எக்ஸில் எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ நாணயம் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் வழக்கில், கிரிப்டோ நாணயம் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. நாணயம் சொத்து, அதைக் கலக்கும் இயந்திரம் சொத்தல்ல. முரண் மாதிரித் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று மோதவில்லை: நாணயத்துக்கு உரியவர் உண்டு, இயந்திரத்துக்கு இல்லை.

இயந்திரம் தப்பியது, செய்தவர்கள் தப்பவில்லை. 2023 ஆகஸ்ட்டில் கைதான ஸ்டார்ம் 2025 ஜூலையில் நியூயார்க்கில் விசாரணைக்கு நின்றார். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் டொர்னேடோ கேஷ் சின்னம் போட்ட டி-ஷர்ட்டை அவர் அணிந்திருந்ததை அரசுத் தரப்பு ஜூரியின் முன் எடுத்து வைத்தது. விளையாட்டாகப் போட்டதாகவே இருக்கட்டும். பணத்தை 'வெளுப்பது' என்ற சொல் நீதிமன்றத்தில் நிற்கும்போது அந்தப் படம் தரும் சங்கடத்தை எந்த வக்கீலாலும் துடைக்க முடியாது. ஆகஸ்ட் 6 அன்று, உரிமம் இல்லாமல் பணம் அனுப்பித் தரும் தொழில் நடத்தச் சதி செய்தார் என்ற ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி என்றார்கள். பணமோசடிச் சதி, தடை மீறல் சதி இரண்டிலும் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை.

என் கருத்து இரண்டு பக்கமும் இல்லை. நிரலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது தவறு. அதே நேரம் 'நாங்கள் எழுதிவிட்டு ஒதுங்கிவிட்டோம்' என்பதும் முழு உண்மையல்ல. முகப்பு இணையதளம் அவர்கள் கையில் இருந்தது. ரோனின் திருட்டுக்குப் பின் 2022 ஏப்ரலில் தடைப்பட்டியல் முகவரிகளை அந்த முகப்பில் மட்டும் தடுத்தார்கள்; திருடன் முகவரியை மாற்றிக்கொண்டாலோ, முகப்பைத் தாண்டி நேராக ஒப்பந்தத்தோடு பேசினாலோ அது செல்லாது. அது அவர்களுக்கும் தெரியும்.

ஆள் பார்த்துச் சேரும் கூட்டம்

யாரோடு சேர்ந்து ஒளிகிறோம் என்பதுதான் சிக்கல் என்றால், கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் என்ன? 2023 செப்டம்பரில் புட்டரின், அமீன் சோலைமானி உள்ளிட்டோர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்த வழியை விவரித்தார்கள். பணம் எடுப்பவர் "மரத்தில் ஏதோ ஓர் இலை என்னுடையது" என்பதோடு, "அந்த இலை இந்தக் குறிப்பிட்ட இலைகளின் பட்டியலுக்குள் இருக்கிறது" என்றும் நிரூபிப்பார். ரோனின் திருடனின் இலையைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் அவனால் அந்த நிரூபணத்தைத் தர முடியாது. நல்லவர் யார் என்று வெளியே சொல்லாமலே திருடனோடு இல்லை என்று காட்டிக்கொள்ளலாம்.

தடை நீங்கிய பத்தாம் நாள், 2025 மார்ச் 31 அன்று, இந்த யோசனை பிரைவசி பூல்ஸ் என்ற பெயரில் ஈத்தீரியத்தில் இயங்கத் தொடங்கியது. பட்டியலை இப்போதைக்கு அதைக் கட்டிய நிறுவனமே பராமரிக்கிறது. அதாவது செருப்பு விடும் இடத்தில் மறுபடியும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். யாருடைய செருப்பு என்று அவருக்குத் தெரியாது, ஆனால் யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறார். அவர் தவறாக ஒருவரை ஒதுக்கினால் பணம் மாட்டிக்கொள்ளாது. திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கிருந்து வந்ததோ அதே முகவரிக்குத்தான் போகும், எல்லோரும் பார்க்க.